வலி எங்கிருந்து வந்தது: பாம்பன் கரையில் ஒரு பியானோ மாணவியின் பயிற்சி, 2014–2025

பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் இடையிலுள்ள ஒரு மீனவக் கிராமத்து மாணவி, ஆலயக் கீபோர்டில் தொடங்கி மேற்கத்திய செவ்வியல் பியானோவில் டிப்ளமோ வரை சென்ற 11 ஆண்டுகளின் பதிவு இது. இடையில் வலது கையில் வந்த வலியால் அவர் பழைய நிலைக்குத் திரும்ப ஆறு மாதம் ஆயிற்று. அந்த வலிக்கு முதலில் சொல்லப்பட்ட காரணம் ஒன்று. வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது தெரிந்த காரணங்கள் வேறு. கடலோரத்தில் பியானோ வைத்திருப்பவர்களுக்கும் கற்பிப்பவர்களுக்கும் இது உதவும். ஆளை அடையாளம் காட்டும் விவரங்கள் தரப்படவில்லை.

## பின்னணி (2014–2016)

மாணவியின் தந்தை விசைப்படகில் கூலிக்குப் போகும் மீனவர். தாய் வீட்டில் வலை பின்னுபவர். வீடு கடலிலிருந்து நானூறு அடி தூரம்கூட இல்லை. 2014-இல், பத்து வயதில், ஆலயப் பாடகர் குழுவுக்காக 61 கட்டை கீபோர்டு வாசிக்கத் தொடங்கினார். ஒரு பாட்டை இரண்டு முறை கேட்டால் ஸ்வரம் பிடித்துவிடுவார். இந்தக் காது அவருக்குக் கடைசிவரை சொத்தாக இருந்தது.

ஆனால் ஆலயக் கீபோர்டில் படிந்த பழக்கங்கள் ஐந்து. எல்லாப் பாட்டையும் சி மேஜரில் மட்டும் வாசிப்பது. பாடுபவரின் சுருதிக்கு டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திக்கொள்வது. இடது கையில் கார்டு (சேர்த்து அழுத்தும் ஸ்வரக் கூட்டு) மட்டும் பிடித்துவிட்டுத் தாளத்தை இயந்திரத்திடம் விடுவது. மோதிர விரலையும் சுண்டு விரலையும் கூடியவரை தவிர்ப்பது. நோட்டேஷன் பார்க்காமலே வாசிப்பது. தமிழ்நாட்டில் ஆலயம் வழியாகப் பியானோவுக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலோரிடம் இந்த ஐந்தும் இருக்கும்.

2016-இல் பங்குத்தந்தை மதுரையிலுள்ள ஒரு பியானோ ஆசிரியரிடம் அறிமுகப்படுத்தினார். சனிக்கிழமை அதிகாலை பாம்பனில் ரயிலேறி, மதுரையில் ஒரு மணி நேர வகுப்பு முடித்து, மாலை ரயிலில் திரும்புவார். மதுரையில் நிஜப் பியானோ. வீட்டில் எடையில்லாத கட்டைகள் கொண்ட அதே 61 கட்டை கீபோர்டு.

ஆசிரியர் செய்த முதல் வேலை, வீட்டுக் கீபோர்டின் டிரான்ஸ்போஸ் பட்டன் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டச் சொன்னது. ஆலயத்தில் வாசிக்கும்போதும் அதைத் தொடக்கூடாது. தெரிந்த பாட்டை வாரம் ஒரு சுருதியில், கையாலேயே மாற்றி வாசிக்க வேண்டும். முதல் மூன்று மாதம் பாடகர் குழுவில் முணுமுணுப்பு இருந்தது. 12 மேஜர் ஸ்கேல்களும் கைக்கு வந்தது இந்த வழியில்தான்.

## ஐந்தாம் கிரேடில் கண்டது (2018)

ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு அமைப்பின் ஐந்தாம் கிரேடு செய்முறைத் தேர்வை 2018-இல் எழுதினார். மொத்தம் 150 மதிப்பெண். தேர்ச்சிக்கு 100, மெரிட்டுக்கு 120, டிஸ்டிங்ஷனுக்கு 130. அவர் பெற்றது 111. கூட்டுத்தொகையைவிட அது எப்படிப் பிரிந்திருந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

மூன்று படைப்புகளுக்கு 30-க்கு 24, 22, 19. ஸ்கேல் 21-க்கு 17. புதிய தாளைப் பார்த்த உடனே வாசிக்கும் சைட் ரீடிங் 21-க்கு 11. காதுப் பரிசோதனையான ஆரல் 18-க்கு 18.

சைட் ரீடிங்கில் தேர்ச்சிக்கு 14 வேண்டும், மூன்று குறைவு. காது இவ்வளவு கூர்மையாக உள்ள பிள்ளைகள் படிப்பதில் பின்தங்குவது வழக்கம். இரண்டு வரி படித்ததும் மீதியைக் காது ஊகித்துவிடுகிறது, கண் தாளை விட்டு விலகிவிடுகிறது.

19 வந்தது மெதுவான, மென்மையான படைப்புக்கு. தேர்வாளர் குறிப்பில், தணிந்த இடங்களில் சில ஸ்வரங்கள் ஒலிக்கவே இல்லை என்று இருந்தது. மாணவிக்கு இது புரியவில்லை. கட்டையை அழுத்தினேன் என்றார். அழுத்தியது உண்மைதான். பியானோவில் கட்டை ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் இறங்குகிறது. அதற்குள் ஹேமர் என்ற சிறு சுத்தியல் 45 மில்லிமீட்டர் அளவுக்குக் கம்பியை நோக்கிப் போகிறது. கம்பிக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்கும்போது கட்டைக்கும் ஹேமருக்கும் உள்ள பிடி விட்டுவிடும். மீதித் தூரத்தை ஹேமர் தன் வேகத்தில் தானே கடக்க வேண்டும். வேகம் போதாவிட்டால் கம்பியைத் தொடாமலே திரும்பிவிடும். சாதாரணக் கீபோர்டில் எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும் ஏதோ ஒரு சத்தம் வரும். வாரம் ஆறு நாள் அதில் பழகிய விரல், ஏழாம் நாள் ஒரு மணி நேரத்தில் இந்த வேறுபாட்டைக் கற்க முடியாது.

எனவே வீட்டில் எடையுள்ள கட்டைகள் வேண்டும் என்று முடிவாயிற்று. ஹேமர் அமைப்புள்ள 88 கட்டை டிஜிட்டல் பியானோவா, பழைய நிஜப் பியானோவா என்பதுதான் கேள்வி. மாணவி மேடைக் கலைஞராக வேண்டும் என்று உறுதியாக இருந்ததால் குடும்பம் நிஜப் பியானோவையே விரும்பியது. வெளிநாட்டிலிருந்த உறவினர் ஒருவர் பணம் தந்தார். 2020 ஜனவரியில், சென்னையில் வாங்கிய பழைய ஜப்பானிய அப்ரைட் பியானோ லாரியில் பாம்பன் சாலைப் பாலத்தைக் கடந்து வந்தது. எடை 230 கிலோ. படகு ஏற்றி இறக்கிப் பழகிய எட்டுப் பேர் அதை உள்ளே கொண்டுவந்து, வெளிச்சம் நன்றாக விழும் கிழக்கு ஜன்னலை ஒட்டி வைத்தார்கள். ஜன்னலுக்கு அப்பால் கடல்.

ஜனவரி முடிவில் வாடை தணிந்து காற்று வறண்டிருக்கும். பியானோ மிக நன்றாக ஒலித்தது.

## வலி தொடங்கிய விதம் (மார்ச் – டிசம்பர் 2020)

மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மதுரைப் பயணம் நின்று, வகுப்பு கைப்பேசி வீடியோவுக்கு மாறியது. பள்ளியும் இல்லாததால் பயிற்சி நாளுக்கு இரண்டு மணி நேரத்திலிருந்து ஐந்து மணி நேரமாக உயர்ந்தது. எட்டாம் கிரேடைக் குறிவைத்து, ஷோபானின் ஓபஸ் 10, எண் 12 எத்யூடும் (விரல் நுட்பத்துக்கான பயிற்சிப் படைப்பு) கொடுக்கப்பட்டது. அதில் இடது கை ஓடிக்கொண்டே இருக்கும். வலது கை முழுக்க ஆக்டேவும் (ஒரே ஸ்வரத்தைக் கீழ், மேல் ஸ்தாயிகளில் சேர்த்து அழுத்துவது) கார்டும் பிடித்து ஓங்கிப் பாட வேண்டும்.

செப்டம்பரில் வலது முன்கையின் வெளிப்பக்கத்தில் பிடிப்பு. அக்டோபரில் வாசித்து முடித்தபின் ஒரு மணி நேரம் எரிச்சல். நவம்பரில் காலையில் எழும்போதே சுண்டு விரல் பக்கம் விறைத்திருந்தது. தந்தை இரவில் தைலம் தேய்த்துவிடுவார். மறுநாள் வலி மட்டுப்பட்டதாகத் தோன்றும், மீண்டும் ஐந்து மணி நேரம். ஆசிரியரிடம் சொன்னது டிசம்பர் முதல் வாரத்தில்தான். புரெவிப் புயல் பாம்பனை நெருங்கி வலுவிழந்து, மழை விடாமல் கொட்டிய நாள்கள் அவை. மாணவி தன் கையைப் பற்றிச் சொல்ல, தாய் குறுக்கிட்டுப் பியானோவைப் பற்றிச் சொன்னார்:

“மழை வந்ததுலேருந்து அமுக்குன கட்டை எந்திரிக்கவே மாட்டேங்குது மிஸ். அவ அப்பா தேங்காண்ணெய் விடவான்னு கேக்குறாரு.”

“ஒரு சொட்டுகூட விட்றாதீங்கம்மா. நான் வந்து பாக்குறேன்.”

அன்று இவை இரண்டு தனித்தனிப் பிரச்சினைகளாகவே எடுத்துக்கொள்ளப்பட்டன. கைவலிக்குக் காரணம் எத்யூடு என்று அதை நிறுத்தியாயிற்று. நிறுத்தி மூன்று வாரமாகியும் வலி குறையவில்லை. எளிய ஸ்கேல் வாசித்தாலே வந்தது. முதல் விளக்கம் போதவில்லை என்பதற்கு அதுவே சான்று.

வலியைத் தாங்கிக்கொண்டு வாசிப்பதைப் பியானோ உலகில் பெருமையாகப் பேசுவார்கள். 1830-களில் வலது கை விரல் செயலிழந்து, மேடைப் பியானோவையே விட்டு இசையமைப்புக்குப் போன ஷூமானின் கதையை யாரும் அதோடு சேர்த்துச் சொல்வதில்லை. 16 வயதுப் பிள்ளை மூன்று மாதம் வலியை மறைத்ததற்கு இந்தப் பேச்சும் ஒரு காரணம்.

## வீட்டில் பார்த்தது (ஜனவரி 2021)

ஆசிரியர் பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் டியூனர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு பாம்பன் வந்தார். வழக்கமாக அந்த நேரத்தில் எப்படி வாசிப்பாளோ அப்படியே வாசிக்கச் சொல்லிவிட்டு, அரை மணி நேரம் பின்னால் நின்று பார்த்தார்கள். கைப்பேசி கேமரா இதுவரை காட்டியது மேலிருந்து தெரியும் விரல்களை மட்டும். காட்டாதவை ஐந்து.

முதலாவது நாற்காலி. வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். தரையிலிருந்து இருக்கை 41 சென்டிமீட்டர். வெள்ளைக் கட்டையின் மேற்பரப்பு 73. முழங்கை கட்டையைவிடக் கீழே தொங்கியதால், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மணிக்கட்டை மேலே வளைத்துத் தூக்கிக்கொண்டிருந்தார். கையின் எடை கட்டையில் இறங்கவே இல்லை. எல்லாம் முன்கைத் தசையின் வேலை.

இரண்டாவது நடு பெடல். தந்தை இரவுக் கடல் முடித்துப் பகலில் தூங்குவார். ராமேசுவரம் பகுதியில் விசைப்படகுகள் வாரத்தில் குறிப்பிட்ட மூன்று நாள் மட்டும் போவதால், தந்தையின் தூக்கமும் அதற்கேற்ப மாறும். அவர் தூங்கும்போது மகள் அப்ரைட் பியானோவின் நடு பெடலைப் பூட்டி வாசித்தார். அதை மிதித்தால் ஹேமருக்கும் கம்பிக்கும் நடுவே கம்பளிப் பட்டை ஒன்று இறங்கும், சத்தம் அமுங்கும். தன் காதுக்கு வேண்டிய ஒலி வராததால் விரல் தானாக ஓங்கி அடிக்கும். இப்படி மணிக்கணக்கில்.

மூன்றாவது, கைப்பேசி வகுப்பு. வீடியோ அழைப்பில் செயலியே ஒலியைச் சமப்படுத்திவிடும்: பலமானதைக் குறைக்கும், மெல்லியதைச் சில சமயம் இரைச்சல் என்று வெட்டிவிடும். மதுரையில் கேட்டது தட்டையான ஒலி. “இன்னும் நல்லா கொடு” என்று ஆசிரியர் மாதக்கணக்கில் சொன்னது, ஏற்கெனவே உரக்க ஒலித்துக்கொண்டிருந்த ஒரு பியானோவை.

நான்காவது கையளவு. விரித்த கையில் கட்டை விரல் நுனியிலிருந்து சுண்டு விரல் நுனிவரை 19 சென்டிமீட்டர். பியானோவில் ஆக்டேவ் தூரம் 16.5 சென்டிமீட்டர், இது எல்லாருக்கும் ஒன்றுதான். ஆக்டேவ் எட்டும். ஆனால் கை கிட்டத்தட்ட முழு விரிப்பில் இருக்கும்போது மணிக்கட்டு தளர இடமே இல்லை. இத்தகைய கைக்கு எட்டுகிறதா என்று கேட்பது போதாது. எட்டிய நிலையில் பத்து நிமிடம் தளர்வாக இருக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஐந்தாவது கட்டைகளின் கனம். டியூனர் வலது பெடலை மிதித்து, கம்பியின் அதிர்வை அடக்கும் டேம்பர்களை விலக்கி, கட்டையின் முன்விளிம்பில் பத்து ரூபாய் நாணயங்களை அடுக்கினார். ஒரு நாணயம் 7.7 கிராம். நல்ல நிலையிலுள்ள பியானோவில் ஆறு ஏழு நாணயத்தில், அதாவது 50 கிராம் சுமாரில், கட்டை மெதுவாக இறங்கிவிடும். இங்கே நடுப் பகுதியில் பத்து, பதினொன்று தேவைப்பட்டது. நாணயத்தை எடுத்த பிறகும் சில கட்டைகள் பாதியில் நின்றன. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் வேண்டியதைவிடப் பாதிக்கு மேல் கூடுதல் பாரத்தை அந்த விரல்கள் தள்ளிக்கொண்டிருந்தன.

எத்யூடு இந்த ஐந்தின் மேல் வைக்கப்பட்ட ஆறாவது சுமை. அதை மட்டும் இறக்கினால் வலி எப்படிப் போகும்?

## பியானோவுக்குச் செய்தது

ஈரப்பதமானி அந்த அறையில் மாலையில் 84 சதவீதம் காட்டியது. பியானோவுக்கு 45-இலிருந்து 60 வரை உகந்தது. ஒவ்வொரு கட்டையும் நடுவில் ஒன்றும் முன்னால் ஒன்றுமாக இரண்டு உலோக ஊசிகளின் மேல் நிற்கிறது. ஊசி நுழையும் துளையின் இரு பக்கமும் கம்பளித் துணி ஒட்டியிருக்கும். ஈரத்தில் மரமும் துணியும் உப்பி ஊசியை இறுக்கும். அமுக்கிய கட்டை எழாததற்கு முதல் காரணம் இது. இரண்டாவது, ஹேமர் அசையும் அச்சு ஊசிகளைச் சுற்றிய துணி உப்பியதும் உப்புக் காற்றில் அவை களிம்பேறியதும். இங்கே எண்ணெய் விட்டால் துணி அதை உறிஞ்சி இன்னும் உப்பும், பக்கத்துப் பாகங்களுக்கும் பரவும். பிறகு அந்தப் பகுதியையே மாற்ற வேண்டியிருக்கும். தாய் முதலில் கேட்டதால் பியானோ தப்பியது.

சுருதியும் ஏறியிருந்தது. 440 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய ‘ஏ’ ஸ்வரம் 444-இல் நின்றது. கீழ்ஸ்தாயி அவ்வளவு மாறவில்லை. ஈரம் குடித்த சவுண்ட் போர்டு (ஒலியைப் பெருக்கும் மரப்பலகை) மேல்நோக்கிப் புடைத்துக் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜைத் தள்ளும். நடு ஸ்தாயியில் இழுவிசை கூடும். ஒரு பியானோவில் 220-க்கும் மேற்பட்ட கம்பிகள், மொத்த இழுவிசை 18 டன் அளவில். ஈரமான நாளில் இதைக் கீழே இறக்கி டியூன் செய்துவிட்டால், தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மரம் வற்றிச் சுருதி 440-க்கும் கீழே போய்விடும். அதனால் டியூனிங்கைத் தள்ளிவைத்து முதலில் ஈரத்தைக் கவனித்தார்கள்.

பியானோவைக் கிழக்கு ஜன்னலிலிருந்து எடுத்து, சமையலறைக்கு எதிர்ப்பக்க உட்சுவரில், சுவருக்கும் அதன் முதுகுக்கும் நான்கு விரற்கடை இடைவெளி விட்டு வைத்தார்கள். கீழ்ப் பலகையைக் கழற்றி, கட்டைகளுக்கு அடியிலுள்ள வெற்றிடத்தில், ஈரம் கூடினால் மட்டும் தானாக எரியும் குறைந்த வாட் சூட்டுத் தண்டு ஒன்றைப் பொருத்தினார்கள். பழைய வீடுகளில் பியானோவுக்குள் 40 வாட் குண்டு பல்பை எரியவிடும் வழக்கம் உண்டு. வறண்ட நாளிலும் அது அணையாது, மரத்தையோ துணியையோ தொட்டால் கருக்கிவிடும். பிளாஸ்டிக் உறையை எடுத்துவிட்டுக் கனத்த பருத்தித் துணி போர்த்தப்பட்டது. பிளாஸ்டிக் ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும்.

பத்து நாள் தண்டு எரிந்தபின் பியானோவுக்குள் ஈரப்பதம் 62-க்கு வந்தது. பாதிக் கட்டைகள் தாமாகவே சரியாகிவிட்டன. மீதியை டியூனர் துளைத் துணியை இடுக்கியால் இலேசாக அழுத்திச் சரிசெய்தார். ஒன்பது ஹேமர்களின் அச்சு ஊசிகள் மாற்றப்பட்டன. துருவேறிய மேல்ஸ்தாயிக் கம்பிகள் மூன்றைப் புதிதாகக் கட்டினார். நாணயக் கணக்கு ஏழுக்கு இறங்கியது. பிப்ரவரி இறுதியில் 440-க்கு டியூன் செய்தாயிற்று. அன்று முதல் டியூனிங் ஆண்டுக்கு இரண்டு முறை: வாடை ஓய்ந்தபின் பிப்ரவரியில், கச்சான் நடுவே ஆகஸ்டில்.

இருக்கையைப் படகு கட்டும் ஆசாரி ஒருவர் செய்து தந்தார். 50 சென்டிமீட்டர் உயரம், மடங்காத பலகை, முன்விளிம்பு உருட்டியது. மாணவியை உட்காரவைத்து, முன்கை தரைக்கு இணையாக நிற்கும்வரை அடியில் பலகைத் துண்டு வைத்துப் பார்த்து எடுத்த அளவு அது. கடையில் பெஞ்சு வாங்குபவர்களும் இப்படி அளந்த பிறகே வாங்க வேண்டும்.

## கைக்குச் செய்தது (ஜனவரி – ஜூலை 2021)

ராமநாதபுரத்தில் எலும்பு மருத்துவர் பார்த்தார். விரல் மரத்துப்போகிறதா, பிடி பலம் குறைந்துள்ளதா என்று சோதித்து நரம்புப் பாதிப்பு இல்லை என்றார். முன்கைத் தசைநாண்களில் மிகைப் பயன்பாட்டால் வந்த பாதிப்பு. மூன்று வாரம் முழு ஓய்வு, அதன்பின் பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சிகள்.

ஓய்வு என்றால் இசையை விடுவது அல்ல. அந்த மூன்று வாரமும் நோட்டேஷனை மடியில் வைத்து, தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமுக்குப் பார்வையால் மட்டும் படித்து, இடது கை ஸ்வரங்களை வாயால் பாடினார். சைட் ரீடிங்கில் நெடுநாளாக இருந்த குறை தளரத் தொடங்கியது இங்கேதான். விரல் இல்லாதபோது காதால் ஏமாற்ற முடியவில்லை.

திரும்பி வந்தது படிப்படியாக. முதல் வாரம் நாளுக்கு மூன்று முறை, முறைக்கு 5 நிமிடம். ஒவ்வொரு வாரமும் முறைக்கு 5 நிமிடம் கூட்டி, ஆறாம் வாரத்தில் மூன்று அரை மணி நேரம். மறுநாள் காலை விறைப்பு இருந்தால் முந்தைய வார அளவுக்கு இறங்க வேண்டும். இருமுறை அப்படி இறங்கினார். முதல் மூன்று மாதம் ஆக்டேவ் கிடையாது. பாக்கின் இரண்டு குரல் இன்வென்ஷன்கள், மொஸார்ட் சொனாட்டா மெதுவான பகுதிகள். நடு பெடல் பூட்டு அடியோடு நின்றது. தந்தை தூங்கும் நேரம் நோட்டேஷன் படிக்கும் நேரமாக மாறியது. வீடியோ வகுப்புக்குப் பதில், பதிவு செய்த ஒலியை அனுப்பி ஆசிரியர் கேட்டார். கேமரா பக்கவாட்டில், தோளிலிருந்து பெடல் வரை தெரியும்படி.

ஜூலையில் நாளுக்கு மூன்று மணி நேரம், 40 நிமிடத் துண்டுகளாக, வலியின்றி வாசித்தார். அந்த உச்சவரம்பு இன்றுவரை தொடர்கிறது.

எட்டாம் கிரேடை அக்டோபரில் வீடியோவழித் தேர்வாக எழுதினார். இதில் ஸ்கேல், சைட் ரீடிங் கிடையாது. நான்கு படைப்புகளை இடையில் வெட்டாமல் ஒரே பதிவில் வாசித்து அனுப்ப வேண்டும். ஆக்டேவ் அதிகம் வராத நான்கு தேர்வாயின: ஒரு பாக் ஃபியூக், ஒரு மொஸார்ட் சொனாட்டாப் பகுதி, ஒரு ஷோபான் நாக்டர்ன், 20-ஆம் நூற்றாண்டுச் சிறு படைப்பு ஒன்று. மின்விசிறி அணைத்து, ஜன்னல் மூடி, தந்தை கடலுக்குப் போன நாளின் காலையில் பதிவு. 128 மதிப்பெண், மெரிட்.

## எந்த வேலைக்குப் போவது (2022)

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசியாயிற்று. தனி மேடைக் கலைஞர் என்பதன் பொருளை ஆசிரியர் எண்களில் வைத்தார். 70, 80 நிமிட நிகழ்ச்சியை நோட்டேஷன் இல்லாமல் மனப்பாடமாக வாசிக்க வேண்டும். கேட்ட மாத்திரத்தில் வாசிக்க, ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்பான கான்செர்ட்டோ இரண்டு மூன்று கையில் இருக்க வேண்டும். 1927-இல் தொடங்கி ஐந்தாண்டுக்கு ஒருமுறை வார்சாவில் நடக்கும் ஷோபான் போட்டியின் வயது வரம்பு 16 முதல் 30 வரை. அங்கே வருபவர்கள் ஐந்து, ஆறு வயதில் நிஜப் பியானோவில் தொடங்கியவர்கள். இந்தியாவில் தொழில்முறைச் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா 2006-இல் மும்பையில் தொடங்கிய ஒன்றே. நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்காத, 19 சென்டிமீட்டர் கையை வைத்து இந்த வழியில் போனால் மறுபடி காயம்தான்.

மாணவி அழுதார், அதை எழுதாமல் விட்டால் பதிவு முழுமையாகாது. தந்தை கேட்டது ஒன்றுதான்: “வேற என்ன வாசிச்சு இவ பொழைக்கலாம், அதச் சொல்லுங்க மிஸ்.”

பக்கவாத்தியம் என்பது பதில். பாடகருக்கும் வயலின்காரருக்கும் சேர்ந்திசைக் குழுவுக்கும் பியானோ வாசிப்பவர் எப்போதும் தேவை. 1893-இலிருந்து இயங்கும் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் உள்ளிட்ட பாடகர் குழுக்கள், 2008-இல் தொடங்கிய கேஎம் இசைக் கல்லூரி போன்ற பயிற்சிக் கூடங்கள், கிரேடு தேர்வு எழுதும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் என்று சென்னையில் அதற்குக் களம் இருக்கிறது. அந்த வேலை கேட்பது மூன்று திறமைகள்: பார்த்த உடனே வாசிப்பது, பாடுபவரின் மூச்சைக் கேட்டு நகர்வது, கேட்ட சுருதிக்கு அங்கேயே மாற்றி வாசிப்பது. இரண்டாவது அவரிடம் பத்து வயதிலிருந்தே இருந்தது. மூன்றாவது டேப் ஒட்டிய பட்டனால் வந்தது. முதலாவதைத்தான் கட்ட வேண்டியிருந்தது.

அதற்கான பயிற்சி: தினமும் 20 நிமிடம், தன் கிரேடுக்கு மூன்று படி கீழே உள்ள புதிய தாள்கள், மெட்ரோனோமை நிறுத்தாமல். தவறினால் திரும்பிப் போகாமல் அடுத்த தாளக் கட்டத்தில் போய்ச் சேர வேண்டும். வாரம் மூன்று நாள் நான்கு குரல் பாடல்களைக் கீழ்க் குரலிலிருந்து மேலே படிப்பது.

## விளைவு (2022–2025)

2022-இல் சென்னையில் ஒரு கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அறை வாடகைக்கு மேல் பியானோ வைக்க வழியில்லை. எடையுள்ள கட்டைகள் கொண்ட டிஜிட்டல் பியானோவில் பயிற்சி, கல்லூரியில் நிஜப் பியானோ. 2023 முதல் தேர்வுக் காலங்களில் வயலின், குரல் மாணவர்களுக்குப் பக்கவாத்தியம். 2024-இல் 30 நிமிட நிகழ்ச்சி வாசித்து ஏபிஆர்எஸ்எம் டிப்ளமோ தேறினார். 2025-இல் இரண்டு பாடகர் குழுக்களுக்குப் பக்கவாத்தியமும் பதினான்கு பிள்ளைகளுக்கு வகுப்பும். வருமானம் மாதத்துக்கு மாதம் மாறும். மே, ஜூனில் மிகவும் குறையும். தந்தையின் மீன்பிடித் தடைக்காலமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பதால், வீட்டில் இரு வருமானமும் ஒரே சமயத்தில் வற்றுகின்றன. இதற்காக நவம்பர், மார்ச் தேர்வுக் கால வருமானத்தில் ஒரு பங்கைத் தனியாக வைக்கிறார்கள்.

வலி முழுதாகத் திரும்பவில்லை. 2024-இல் கிறிஸ்துமஸ் ஒத்திகைகள் நெருங்கி வந்தபோது ஒரு வாரம் விறைப்பு இருந்தது. நான்கு நாள் ஓய்வில் போனது. ஆக்டேவ் தொடர்ந்து வரும் இடங்களில் கீழ் ஸ்வரத்தை விட்டு வாசிக்கிறார். ஆர்கெஸ்ட்ராப் பகுதியைப் பியானோவுக்குச் சுருக்கிய தாள்களில் இப்படி விடுவது பக்கவாத்தியக்காரர்களிடையே இயல்பான நடைமுறை.

## அடுத்த மாணவருக்கு மாற்ற வேண்டியவை

நிஜப் பியானோவை முதலில் வாங்கியிருக்க வேண்டியதில்லை. இந்தக் கரையில், பராமரிக்க ஆளும் தொடர் மின்சாரமும் உறுதியாகும்வரை, ஹேமர் அமைப்புள்ள 88 கட்டை டிஜிட்டல் பியானோ வீட்டுக்கும், வாரம் ஒருமுறையாவது நிஜப் பியானோ வகுப்புக்கும் என்பதே சரியான வரிசை. அதிலும் 2016-லேயே எடையுள்ள கட்டைக்கு மாறியிருந்தால் 2018 தேர்வில் ஒலிக்காத ஸ்வரங்கள் ஒலித்திருக்கும். எடையில்லாத கட்டையிலிருந்து எடையுள்ளதற்கு மாறும் முதல் மூன்று மாதம் பயிற்சி நேரத்தைக் கூட்டவே கூடாது. இங்கே அதே ஆண்டில் இரண்டரை மடங்காகியது.

நேரில் பார்க்காமல் கைவலிக்குக் காரணம் சொல்லக்கூடாது. வீட்டுக்குப் போக முடியாவிட்டால், பக்கவாட்டு வீடியோ, இருக்கை உயரம், கட்டை உயரம், பத்து ரூபாய் நாணயச் சோதனை ஆகிய நான்கையும் கேட்டு வாங்கலாம். பெற்றோரே அரை மணி நேரத்தில் எடுத்து அனுப்பிவிடுவார்கள். வலி தொடங்கிய முதல் வாரத்திலேயே சொல்லும்படி மாணவரிடம் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். எட்டாம் கிரேடைத் தொடங்கும் நாளில் அல்ல, நிஜப் பியானோ வரும் நாளில்.

தொழில் பற்றிய பேச்சு 18 வயதில் நடந்தது. அதை 14 வயதில், ஐந்தாம் கிரேடு மதிப்பெண் தாளை மேசையில் வைத்தே நடத்தியிருக்கலாம். ஆரல் 18, சைட் ரீடிங் 11 என்ற அந்தத் தாளே அப்போது வழியைக் காட்டியது. 20 நிமிடச் சைட் ரீடிங் நான்கு ஆண்டு முன்பே தொடங்கியிருக்கும்.

பியானோ இப்போதும் பாம்பன் வீட்டில் இருக்கிறது. ஆலயப் பாடகர் குழுவின் இரண்டு பிள்ளைகள் அதில் கற்கிறார்கள். வாடை மாதங்களில் மின்தடை ஆறு மணி நேரத்தைத் தாண்டினால், தண்டு மீண்டும் எரிந்து ஒரு நாள் ஆகும்வரை அதில் வாசிக்க வேண்டாம் என்றும், மறுநாள் நாணயம் அடுக்கிப் பார்த்த பிறகு தொடங்கலாம் என்றும் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.